பிய்ந்த செருப்பும் பழைய பேப்பரும்: சிங்கப்பூர் குறிப்புகள்

எங்கள் ஊர் வாசகசாலையில் பழைய வார, மாத இதழ்கள் சில பீரோக்களில் அடைந்து கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்யும் வேலை எனக்கு வாய்த்தது. படம் எடுத்துவிட்டோம், சரி. இப்போது கணினி முழுக்கப் படங்கள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தேட வழியில்லை. "சிங்கப்பூர்ல தமிழ்ப் புத்தகம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்களாமே, போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றார் செயலாளர். ஈசூனில் என் சித்தி மகள் இருக்கிறாள். படுக்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. கிளம்பினேன். அங்கே இரவில் எழுதி வைத்ததைக் கொஞ்சம் சுத்தம் செய்து இங்கே போடுகிறேன்.

ஜனவரி 7

திருச்சியிலிருந்து வந்த விமானம் விடியற்காலையில் இறங்கியது. வெளியே மழை. ஊரில் மார்கழி மழை சிணுங்கிக்கொண்டு பெய்யும். இங்கே பெய்தால் ஒரே கொட்டு, நின்றால் அப்படியே நின்றுவிடுகிறது. இடையில் தூறல் என்ற ஒன்றே இல்லை.

காலைப் பசிக்கு வீட்டுக்குக் கீழே இருந்த உணவங்காடிக்குப் போனோம். இரண்டு பரோட்டா, மீன் குழம்பு, ஒரு தே (நம் டீதான்). நான்கு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, சற்று மேலே ஆனது. மனத்துக்குள் அறுபத்துச் சொச்சத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே பெருக்காதே, சாப்பிடவே முடியாது" என்று தங்கை சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். காலியான மேசை ஒன்றில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம். எங்கள் ஊர் பஸ் சீட்டில் கைக்குட்டை போடுவதுதான், ஆனால் இங்கே யாரும் சண்டைக்கு வருவதில்லை. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அபராதம்கூட உண்டு.

மதியம் பூகிஸ் பக்கம் விக்டோரியா தெருவில் இருக்கும் தேசிய நூலகம். பதினாறு மாடி, 2005இல் திறந்தது. ஏழாவது மாடியிலிருந்து பதின்மூன்றாவது மாடி வரை லீ கோங் சியான் ஆய்வு நூலகம். உள்ளே நுழைந்ததும் முதலில் உறைத்தது குளிர். ஜன்னலுக்கு வெளியே முப்பது டிகிரி வெயில் அடிக்க, நான் துப்பட்டாவைக் காதுவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைச் சீனப் பெண்மணி தன் பையிலிருந்து இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போகும்போது திருப்பிக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டார்.

தங்கை வீட்டுக்காரர் காலையிலேயே கேட்டார்: "அந்தப் பழைய பேப்பர் எல்லாம் வீட்லேருந்தே இன்டர்நெட்ல பாக்கலாமே, எதுக்கு அங்க போறீங்க?" நல்ல கேள்விதான். நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி 2009லிருந்து இருக்கிறது. பழையவற்றில் பெரும்பகுதியை உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் சிலவற்றை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும், சில மைக்ரோபிலிமில்தான் இருக்கும். அப்புறம், கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆட்கள்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு கப்பலை வைத்துக்கொண்டேன். ரஜூலா. 1926இல் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. எங்கள் பக்கத்தில் அந்தக் கப்பல் பேர் தெரியாத வீடு குறைவு. ஆங்கிலப் பத்திரிகைகளில் பேரைத் தட்டினேன். கொட்டியது. புறப்பாடு, வருகை, கட்டணம், டெக் பயணிகள் என்று பக்கம் பக்கமாக வந்தது. அரை மணி நேரத்தில் ஒரு நோட்டு நிறைந்துவிட்டது.

ஜனவரி 8

இன்று தமிழ்ப் பக்கம்.

சிங்கப்பூரின் தமிழ்ப் பத்திரிகையான தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. கோ. சாரங்கபாணி ஒரு காசு விலைக்கு விற்றார். அந்தப் பழைய இதழ்களைத் தேதி வாரியாகப் புரட்டினேன். தேடலை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும், எங்கள் வாசகசாலை பீரோவில் இருக்கும் சிக்கலும் இதேதான்.

ஆங்கிலத்தில் ஒரு கப்பல் பேர் எங்கு வந்தாலும் ஒரே மாதிரி நிற்கும். தமிழில் 'ரஜூலாவில்', 'ரஜூலாவிலிருந்து', 'ரஜூலாவுக்கு' என்று வால் முளைக்கும். தலையும் மாறும்: ரஜுலா, ராஜுலா, இரஜூலா. நாகப்பட்டினத்தை ஒருவர் நாகபட்டணம் என்பார், ஒருவர் நாகை என்பார், இன்னொருவர் 'நாகூர்ப் பக்கம்' என்று முடித்துவிடுவார். இது போதாதென்று பத்திரிகைப் பத்தி ஒடுங்கியது. 'நாகப்' என்று ஒரு வரி முடியும், அடுத்த வரி 'பட்டினம்' என்று தொடங்கும். நடுவில் கோடு போடும் பழக்கம் நம்மிடம் இல்லை. கண்ணால் படிப்பவர் சேர்த்துப் படித்துவிடுவார். இயந்திரத்துக்கு அது இரண்டு சொல்.

எழுத்து வடிவம் இன்னொன்று. ணா, றா, னா மூன்றிலும் காலைத் தனியாகப் போடாமல் எழுத்தோடு சேர்த்துச் சுழித்தார்கள். லை, ளை, ணை, னை தலைக்கு மேல் தும்பிக்கை தூக்கி நிற்கும். தமிழ்நாட்டில் அரசாணை போட்டு அதை மாற்றியது 1978இல். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் பழைய 'னை'க்கும் புதிய 'னை'க்கும் ஒரே குறியீடுதான், உருவம் மட்டும் எழுத்துருவைப் பொறுத்தது. அதனால் புது எழுத்தைக் காட்டிப் பழக்கிய மென்பொருளிடம் பழைய பக்கத்தைக் கொடுத்தால் தும்பிக்கையைப் பார்த்துத் தடுமாறுகிறது. அச்சு தேய்ந்திருந்தால் காலும் ரகரமும் ஒன்றாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில் புள்ளியும் சரியாக இருக்காது. 1887இல் மகுதூம் சாயபு இங்கிருந்து நடத்திய 'சிங்கை நேசன்' போன்ற இதழ்களைப் படிக்கத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் காலத்துத் தமிழ் தெரிய வேண்டும்.

ஆகவே, தேடினேன், வரவில்லை, எனவே இல்லை என்று யாராவது ஆய்வேட்டில் எழுதினால் நம்பாதீர்கள். மதியம்வரை புரட்டியதில் எனக்கு ரஜூலா மூன்று வேறு எழுத்துக்கூட்டலில் கிடைத்தது. ஒன்றில் பெயரே இல்லை, 'நாளை புறப்படும் கப்பலில்' என்று மட்டும் இருந்தது. அதை எந்தத் தேடல் பெட்டி கண்டுபிடிக்கும்?

மாலை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில், தங்கை ஏற்பாட்டில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. 2015இல் சிங்கப்பூர் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி வெளியான தமிழ் மின்மரபுத் திட்டத்துக்குப் பிழை திருத்தியவர்களில் தானும் ஒருவர் என்றார். 1965 முதல் 2015 வரை இங்கே வந்த தமிழ் இலக்கிய நூல்கள், முந்நூற்றுக்கும் மேல், முழுக்க இணையத்தில் இருக்கின்றன. அருண் மகிழ்நன் முன்நின்று நடத்திய குழு, கூடவே தேசிய நூலக வாரியம், அப்புறம் சமூகத்திலிருந்து வந்த தொண்டூழியர்கள். பிறகு நாடகம், இசை, நடனம் என்று விரித்தார்கள்.

"மிஷின் படிச்சுக் குடுக்கும்மா. ஆனா 'மலர்'ங்கிறதை 'மலா'ன்னு படிக்கும். கவிதைல அது போனா எல்லாம் போச்சு. யாராவது உக்காந்து ஒரு கண் மூலத்துல, ஒரு கண் திரைல வச்சுப் பார்க்கணும்" என்றார். பணம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவரே தே குடித்தபடி, "எனக்கு வேண்டியவங்க எழுதின புத்தகம்மா அதெல்லாம்" என்றார். பில்லை என்னைக் கொடுக்க விடவில்லை.

ஜனவரி 9

தலைப்பில் சொன்ன செருப்புக் கதை இன்றுதான்.

தேசிய ஆவணக்காப்பகம் கேனிங் ரைஸ் மேட்டில் இருக்கிறது, முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். மேடு ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் வலது செருப்பின் அடிப்பாகம் முழுசாகக் கழன்று, நாக்கு மாதிரி தொங்கியது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பசை இளகிவிடும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். முன்னாடியே சொல்லியிருக்கலாம். பின்னால் குடையோடு வந்த ஒரு பையன், பள்ளி முடித்திருக்க மாட்டான், தன் பையிலிருந்து ரப்பர் பேண்டு இரண்டு எடுத்துக் கொடுத்து, "ஆண்டி, இத மாட்டுங்க" என்றான். மாட்டினேன். சளக் சளக்கென்று ஆவணக்காப்பகத்துக்குள் நுழைந்தேன். வரவேற்பில் இருந்தவர் காலைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார். அந்த நாகரிகத்தை மறக்க மாட்டேன்.

வாசிப்பறையில் பேனா கூடாது, பென்சில்தான். பென்சில் அவர்களே தந்தார்கள். நான் கேட்க வந்தது வாய்மொழி வரலாறு. 1979லிருந்து ஆட்களை உட்கார வைத்துப் பேசப் பேசப் பதிவு செய்து வருகிறார்கள். நான்கு மொழியிலும் உண்டு, சீன வட்டார மொழிகளிலும் உண்டு. காதில் மாட்டிக்கொண்டு கேட்டால், கப்பலில் வந்து இறங்கியவர்கள் பேசுகிறார்கள். அந்தத் தஞ்சாவூர் இழுப்பு அப்படியே இருக்கிறது. எத்தனை வருடம் இங்கிருந்தாலும் போகவில்லை. கேள்வி கேட்பவர் தேதி கேட்கிறார், சொல்பவர் மாடு விற்ற கதை சொல்கிறார். கேள்வியாளர் பொறுமையாக மாட்டோடு போய்த் திரும்பி வருகிறார். நல்ல பேட்டியாளர் என்றால் இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஒலிப்பதிவுகளையும் யாராவது எழுத்தாக்கினால்தான் தேட முடியும். 2015லிருந்து 'குடிமக்கள் ஆவணக்காப்பாளர்' என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் வீட்டிலிருந்தே பழைய கையெழுத்துப் பிரதியை, பேட்டியைத் தட்டச்சு செய்து கொடுக்கலாம், பெயர் தெரியாத புகைப்படத்தில் இருப்பது யார், எந்த இடம் என்று சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாளின் எழுத்துப் பிழையைப் படிப்பவர்களே திருத்துவது போன்றதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து எழுத்தர் கையெழுத்து ஒன்றைத் திரையில் திறந்து பார்த்தேன். அழகான சுழிப்பு. ஒரு வரியில் இரண்டு சொல்தான் பிடிபட்டது.

மாலை முஸ்தபா என்ற பெரிய கடையில் செருப்பு. பதினெட்டு வெள்ளி. அங்கே செருப்பு எடுக்கப் போனவர் செருப்போடு மட்டும் வெளியே வருவது நடக்காது. மசாலா, மாத்திரை டப்பா, ஒரு டார்ச். ஏன் டார்ச் வாங்கினேன் என்று இன்னும் விளங்கவில்லை.

ஜனவரி 10

கென்ட் ரிட்ஜ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிறது. வளாகத்துக்குள் பேருந்து இலவசம். புதுச் செருப்பு கடித்ததால் எல்லாப் பேருந்திலும் ஏறினேன்.

தங்கையின் தோழி ஒருத்தி அங்கே ஆய்வு செய்கிறாள். அவள் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினாள். சிங்கப்பூர்ச் சீனக் கோயில்கள், சங்கங்கள் எல்லாம் புள்ளிகளாக இருந்தன. காலத்தை நகர்த்தினால் புள்ளிகள் நகர்கின்றன. கம்பங் எனப்படும் பழைய கிராமக் குடியிருப்புகள் இடிபட்டு அடுக்குமாடி வந்தபோது கோயில்கள் எங்கே போயின, எவையெவை ஒரே நிலத்தில் சேர்ந்து கூட்டுக் கோயிலாயின என்று தெரிகிறது. பேராசிரியர் கென்னத் டீனும் அவரோடு வேலை செய்தவர்களும் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, 1819 முதல் 1911 வரையான சீனக் கல்வெட்டுகளைப் படித்து இரண்டு பெரிய தொகுதிகளாகப் போட்டார்கள். கல்வெட்டு என்றால் ராஜா கல்வெட்டு இல்லை. யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார் என்ற பலகை. ஒரே பேர் மூன்று கோயிலில் வந்தால் அந்த ஆளின் தொழில், உறவு, ஊர் எல்லாம் கோடு கோடாக இணைகிறது.

இதைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபத்து டியூப் லைட் ஞாபகம் வந்தது. "உபயம்: மலாயா..." என்று தொடங்கி வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பேர் எழுதியிருப்பார்கள். நாங்கள் அதைக் கிண்டல் செய்வோம். போனதும் முதலில் அதைப் படம் எடுக்க வேண்டும், சுண்ணாம்பு அடிப்பதற்குள்.

மதியம் கேன்டீனில் கோழிச் சோறு, ஐந்து வெள்ளிக்குள். மாணவர்கள் சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

தமிழ்க் கணிமைக்கும் இந்த வளாகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு இங்கேதான் நடந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு விசைப்பலகை என்று கிடந்த காலம். ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவர் திரையில் வெறும் குப்பையாகத் தெரியும். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே 'கணியன்' எழுத்துருவை உருவாக்கியவர். இணையத்தில் தமிழை முதலில் ஏற்றியவர்களில் ஒருவர். 1999இல் காலமானார். மலேசியாவில் முரசு மென்பொருளைச் செய்த முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தின் லோசானில் உட்கார்ந்து, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை நடத்திய கல்யாணசுந்தரம் என்று ஆளாளுக்கு ஒரு மூலையில் இழுத்த தேர் அது. நான் இதைத் தட்டிக்கொண்டிருக்கும் தமிழ்99 விசைப்பலகைகூட அந்த வாதப் பிரதிவாதங்கள் முடிந்து வந்ததுதான். வளாகத்தில் இதற்கு ஒரு பலகை இருக்குமா என்று தேடினேன். தோழி, "நீங்க ஒருத்தர்தான் இதைக் கேட்டிருக்கீங்க" என்றாள்.

ஜனவரி 11

காலை தேசிய அரும்பொருளகம். அங்கே ஒரே ஒரு பொருளுக்காகத்தான் போனேன்: சிங்கப்பூர்க் கல். ஆற்று முகத்தில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற பாறை, ஏறக்குறைய ஐம்பது வரி எழுத்து. 1843இல் கோட்டைக் கட்டடத்துக்கு இடம் வேண்டுமென்று வெடி வைத்து உடைத்தார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்றுதான் இது. என்ன மொழி என்றே முடிவாகவில்லை. ஐயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், கல்லின் எழுத்தில் 'கேசரிவ' என்று படிக்கலாம், பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் துணுக்காக இருக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். இராஜேந்திரன் பரகேசரி, நமக்குத் தெரியும். ஆனாலும் நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு சோழக்கொடி ஏற்றிவிட முடியாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிலர் மிஞ்சிய எழுத்துகளைக் கணினிக்குக் கொடுத்து ஒழுங்கு தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். கணினிக்கு நிறைய எழுத்து வேண்டும். இங்கே இருப்பதோ கொஞ்சம், அதிலும் தேய்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் குனிந்து பார்த்தும் எனக்குத் தெரிந்தது மழையில் நனைந்த அம்மிக்கல்தான்.

பிறகு கேம்பல் லேன். இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறந்தது, கட்டடத்தின் முகப்பு படிக்கிணற்றை நினைத்துச் செய்தது. உள்ளே செட்டிநாட்டு வாசற்கதவு ஒன்று, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன உருவங்கள் செதுக்கியது. அதன் முன் நின்று ஒரு குடும்பத் தாத்தா தன் பேரனுக்கு ஒவ்வொரு சாமியாகக் காட்டிக்கொண்டிருந்தார். தகவல் பலகையில் இருந்ததைவிட அவர் சொன்னது அதிகம். இதை யாராவது ஒலிப்பதிவு செய்யுங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

வெளியே பொங்கல் கடைகள். கரும்பு, மண்பானை, மஞ்சள் கொத்து. கரும்பு விலையைச் சொல்லமாட்டேன், அம்மா படிப்பாள். சாப்பிட ஓர் ஏசி உணவகத்துக்குப் போனதுதான் வினை. இலைச் சாப்பாடு பன்னிரண்டு வெள்ளி என்று வெளியே எழுதியிருந்தது. பில்லில் சேவைக்கட்டணம், வரி, மேசையில் வைத்த ஈரத்துணிக்கு ஒரு விலை, நாங்கள் கேட்காத அப்பளத்துக்கு ஒரு விலை. தங்கை அப்பளத்தைக் கழிக்கச் சொல்லி நின்றாள். கழித்தார்கள், முகம் மட்டும் கழியவில்லை.

ஜனவரி 12

ஞாயிறு. தேக்கா முழுக்க வேலை விடுப்பில் வந்த தம்பிமார். புல்வெளியில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் மறுபடி வந்தார். இந்த முறை பில்லை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வாசகசாலை இதழ்களில் சில பக்கங்களை மடிக்கணினியில் காட்டினேன். மென்பொருள் படித்துத் தந்ததையும் பக்கத்தில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு நான்கு விரல் தூரத்தில் முகத்தை வைத்துப் படித்தார். இரண்டு நிமிடத்தில் ஏழெட்டுப் பிழை சொல்லிவிட்டார். "இங்க 'கடாரம்'னு இருக்கு, உன் மிஷின் 'கடாம்'னு போட்டிருக்கு பாரு." அப்புறம் ஒரு விளம்பரத்தில் நின்றார். நாகப்பட்டினத்தில் கப்பல் டிக்கெட் ஏஜெண்டு ஒருவரின் விளம்பரம். "இவர் கடை எங்க இருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து, கடைத்தெரு முழுவதையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் போனில் பதிவு செய்தேன், கேட்டுவிட்டுத்தான்.

எவ்வளவு பக்கம் மொத்தம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"இருபது இருபது பக்கமா அனுப்பு. மிஷின் படிச்சது தனியா, படம் தனியா. படத்தைச் சுருக்கி அனுப்பாதே, எனக்குப் புள்ளி தெரியணும். என்கூட இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, சும்மாதான் இருக்காங்க, அவங்களையும் இழுத்து விடறேன். பழைய 'னை'யை மாத்த வேணாம்னு முதல்லயே சொல்லிடு, அதுல ஒருத்தர் மாத்திடுவார்."

எந்த இதழிலிருந்து தொடங்கலாம் என்றேன். விளம்பரப் பக்கங்களிலிருந்து என்றார். கதை, கவிதையை யாராவது எப்படியும் படித்துவிடுவார்களாம்.

முதல் இருபது பக்கம் நேற்று அனுப்பிவிட்டேன். மூன்றாம் பக்கம் மங்கலாக இருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய் என்று காலையிலேயே பதில் வந்திருக்கிறது.